ஸ்டிக்கர் ஒட்டின கை

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது. அன்னிக்கு ஆம்பூர் பஜார்ல, நிசார் பாய் செருப்புக் கடையில அதைத்தான் காட்டிட்டேன்.

தம்பி சூர்யாவுக்குக் கல்யாணம். ஷூ அக்காதான் வாங்கித் தரணும்னு ஆசையாக் கேட்டிருந்தான். ஷூவுக்கு ஜிஎஸ்டி பதினெட்டுலேர்ந்து அஞ்சாக் கொறையப்போவுதுன்னு டிவியில சொன்னாங்களேன்னு ஒரு மாசம் பொறுத்து வந்தேன். நான் வேலை செய்யற கம்பெனி ஷூவையே பாய் எடுத்து வெச்சாரு. போன மாசம் ரெண்டாயிரத்து முந்நூத்தி அறுவது. இப்ப பெட்டியில ரெண்டாயிரத்து முந்நூத்திப் பத்துன்னு இருக்கு.

"இன்னா பாய், இவ்ளோ வரி கொறைஞ்சும் அம்பது ரூபாதானா கம்மி? கணக்குப்படி ரெண்டாயிரத்து நூறுதான வரணும்?"

"பெட்டியில போட்டிருக்கற விலைக்குத்தாம்மா விக்கிறேன்."

"அப்போ சர்க்கார் வுட்டுக் குடுத்த காசு யார் வயித்துக்குப் போச்சு?"

கடையில ஏழெட்டுப் பேர் இருந்தாங்க. வரியை ஏத்தினாலும் கொறைச்சாலும் நம்ம தலையிலதான்னு ஒருத்தர் சொன்னாரு. எங்க தெருக் காலேஜ் பொண்ணு பூர்ணிமா போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பிச்சுட்டா.

"வரியைத் திங்கற கடைன்னு போடறேங்க்கா. ஊரே பாக்கட்டும்."

பாய் முகம் செத்துப்போச்சு. முப்பது வருஷமா அவர் சொன்ன விலைக்கு ஜனங்க பேரம் பேசாம வாங்கின கடை அது. அந்தப் பேர் போனா கடையே போச்சு.

எனக்கு அப்பவும் அடங்கல. "புது ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கீங்க பாய். கம்பெனி கொறைச்சுப் போட்ட விலை அடியில இருக்கும், எல்லாரும் பாக்கட்டும்"னு பெட்டியைப் பிடுங்கினேன். பேக்கிங்ல பதினோரு வருஷமா ஸ்டிக்கர் ஒட்டறவ நான். கிழியாம உரிக்கத் தெரியும். நகத்தை இடது மூலைக்குக் கொண்டுபோனேன்.

அங்க ரெண்டு நகக் கீறல் இருந்துது.

எது யார் ஒட்டினதுன்னு செக்கருக்குத் தெரியறதுக்காக எங்க லைன்ல ஆளுக்கு ஒரு அடையாளம் வெப்போம். பக்கத்துல ஒட்டற புஷ்ரா மூலையை மடிப்பா. ரெண்டு கீறல் என்னுது.

வரி கொறையறதுக்கு முந்தின வாரம் மூணு நாள் ஓவர்டைம். பார்கோடு மாறிப்போச்சுன்னு சூப்பர்வைசர் சொன்னாரு, குடோன் பெட்டிக்கெல்லாம் புது ஸ்டிக்கர் ஒட்டினோம். சைஸ் நம்பரைப் பாப்போம், ஒட்டுவோம். விலையை எவ பாத்தா? கம்பெனி சத்தமில்லாம வரிக்கு முந்தின விலையை ஏத்தி, அதை என் கையாலயே ஒட்ட வெச்சிருக்கு.

"உரிங்கக்கா"ன்னா பூர்ணிமா.

உரிச்சா அடியில பழைய விலைதான் தெரியும், புது விலையைப் பாயே ஒட்டிக்கிட்டாருன்னு பழி அவர் தலையில விழும். உண்மையைச் சொன்னா நாளைக்குக் கம்பெனி கேட்டுக்குள்ள என்னை வுட மாட்டாங்க.

பாய் மெதுவாச் சொன்னாரு. "உரிச்சுக் காட்டும்மா. நான் ஒட்டல. ஸ்டிக்கர் வேலை உனக்குத்தான் தெரியுமே, நீயே பாத்துச் சொல்லு."

அவ்ளோ திட்டியும் என்னையே சாட்சிக்குக் கூப்பிடறாரே மனுஷன். எனக்கு வெக்கமாப் போச்சு.

"பூர்ணிமா, போனை என் பக்கம் திருப்பு. நிறுத்தாத"ன்னேன். கட்டைவிரலை அந்தக் கீறல் பக்கத்துல வெச்சுக் காட்டினேன்.

"இது கடையில ஒட்டினது இல்ல. கம்பெனியில ஒட்டினது. ஒட்டினவ நான். பேரு சங்கீதா, பேக்கிங் செக்ஷன்."