நாயக்கர் காலத்துக் கிணறு

ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தக் கல்லைக் காட்டி நாயக்கர் காலம் என்று சொன்னாலும் மறுபேச்சு இருக்காது. இந்தச் சூட்சுமத்தைச் சத்யப்பிரியா தொழிலுக்கு வந்த முதல் மாதமே தெரிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரையிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் தோளில் கேமராவோடு வருகிறவர்களுக்குக் கோபுரம் ஏற்கெனவே தெரியும். கோபுரத்துக்குப் பின்னால் கிடக்கிற ஊரை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவதுதான் அவள் வேலை. இடிந்த சத்திரம், பூட்டிக் கிடக்கும் மண்டபம், கடைசியில் ஒரு சந்துக்குள் கம்பி வலை போட்டு மூடிய கிணறு. தெரிந்ததைச் சொல்வாள். தெரியாத இடத்தில் சொந்தச் சரக்கைச் சேர்த்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா சமுத்திரமும் நடக்க வந்திருந்தார். மகள் அப்படி என்னதான் பேசுகிறாள் என்று ஒருநாளும் எட்டிப் பார்க்காத மனுஷன், ராஜபாளையத்து வீட்டிலிருந்து அவளை அவரே பைக்கில் கூட்டி வந்தார். சத்யப்பிரியாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் அவள் விரும்பும் விக்னேஸ்வரன் மதுரையிலிருந்து பெண் கேட்டு வருகிறான். வேறு சாதிப் பையன். வீடு ரெண்டுபடும் என்று நடுங்கிக்கொண்டேதான் போன வாரம் விஷயத்தைச் சொன்னாள். வீட்டில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அப்பா நிதானமாகத் தலையாட்டினார்.

"சரி, அந்தப் பையன வரச் சொல்லு. தனியாவே வரட்டும். மொதல்ல நான் பேசிக்கிடுதேன்" என்றார். அவ்வளவுதான். இப்படி ஓர் அப்பா யாருக்கு வாய்ப்பார் என்று அவள் தோழிகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

கிணற்றுச் சந்து வந்ததும் அப்பா நின்றுவிட்டார். "நீங்க போங்க. எனக்குப் பால்கோவா வாங்கணும், செத்த நேரம் இங்கன நிக்கேன்." வெயில் ஏறிவிட்டது, களைப்பாக இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு பெண் விழுந்து செத்த கிணறு என்று ஊரில் காதில் விழுந்ததை வைத்து அவளே கட்டிய வழக்கமான கதையைக் கிணற்றடியில் எடுத்துவிட்டாள். நாயக்கர் காலத்து அரண்மனைப் பெண், பூக்கட்டும் இளைஞன், பௌர்ணமி, கடைசியில் கிணறு. கேட்டவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுக் கம்பி வலைக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் விடைபெற்றுக் கிளம்பிய பிறகும் ஒருவர் மட்டும் நின்றார். மாடவீதிப் பத்மாசனி மாமி. உள்ளூர்க்காரரானாலும் இந்த நடைக்கு அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தார்.

"நாயக்கர் காலமெல்லாம் இல்லடிம்மா. எனக்கு விவரம் தெரிஞ்சு நடந்தது. வெள்ளைத்தாய்னு பேரு. என்னோட டைப்ரைட்டிங் படிச்சவ."

சத்யப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெள்ளைத்தாய் அவர்கள் வீட்டுக் கன்னி. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைத் தெய்வமாக்கி வீட்டுக்குள்ளேயே வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை புதுப் பாவாடை சட்டை, வளையல், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் படைப்பார்கள். அப்பாவின் தங்கை, ஒன்பது வயதில் அம்மை கண்டு இறந்துபோனாள் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த அளவுப் பாவாடையை வருடா வருடம் அப்பாவே கடைகடையாக ஏறி இறங்கி எடுத்து வருவார்.

"சின்னப் பிள்ளையா மாமி?"

"சின்னப் பிள்ளையாவது! பத்தொன்பது வயசு. எங்க இன்ஸ்டிடியூட்ல ஒரு பையன்மேல பிரியம் வச்சா. அவா ஜாதி இல்லை. ஆத்துல பெரிய ரகளை. திடீர்னு ஒருநாள் அவ அண்ணா சம்மதம்னுட்டான். குதிச்சுண்டு வந்து என்கிட்ட சொன்னா. சாயங்காலம் புடவை எடுக்கப் போறோம்னு இன்ஸ்டிடியூட் வாசல்ல வந்து நின்னு, அந்த அண்ணாவே சைக்கிள்ல ஏத்திண்டு போனான். மறுநாள் இதுலதான் மிதந்தா. கால் வழுக்கி விழுந்துட்டாள்னு அவா ஆத்துல சொல்லிட்டா. ஊர்ல ஒருத்தரும் ஏன்னு கேக்கல. நானும்தான் கேக்கல."

"அந்த அண்ணன்?"

"சமுத்திரம். அப்புறம் குடும்பத்தோட ராஜபாளையம் போயிட்டான்னு கேள்வி."

சத்யப்பிரியாவுக்கு முதலில் வந்தது கோபமில்லை, வெட்கம். சொந்த அத்தையின் சாவுக்கு ஜரிகை வைத்துத் தைத்து, ஞாயிறு தவறாமல் ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். பிறகுதான் அந்தச் சின்னப் பாவாடை அவளுக்கு விளங்கியது. பத்தொன்பது வயதுக்காரியை ஒன்பதாக்கிவிட்டால் அவளுக்கு ஆசை கிடையாது, காதல் கிடையாது, கொன்றவனும் கிடையாது. என்ன கெட்டிக்காரக் குடும்பம்! தனியாவே வரட்டும் என்று அப்பா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அங்கேயே நின்று விக்னேஸ்வரனுக்குப் போன் போட்டாள். "கெளம்பாத. காரணம் பொறவு சொல்லுதேன். எங்கப்பாவே கூப்பிட்டாலும் எங்கயும் போகாத, கேட்டியா?" அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வைத்தாள்.

மாமியோடு அவள் தெருவுக்கு வந்தபோது சமுத்திரம் பால்கோவாப் பொட்டலத்தோடு பைக் பக்கத்தில் நின்றிருந்தார். "வாரவனுக்கு ஒரு கிலோ வாங்கிட்டேன். போதும்லா?"

"அவரு வரலப்பா. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏட்டி, நான்தான் சரின்னு சொல்லிட்டேனே."

"வெள்ளைத்தாய் அத்தைகிட்டயும் சரின்னுதானப்பா சொன்னீங்க?"

சமுத்திரம் மாமியை ஏற இறங்கப் பார்த்தார். யாரென்று பிடிபட்டிருக்க வேண்டும். முகத்தில் கோபமோ பதற்றமோ வரவில்லை. மனத்தாங்கல்தான் வந்தது, ஏதோ அவரைத்தான் வீண் வம்புக்கு இழுத்துவிட்ட மாதிரி.

"கும்பிடுதோம்லட்டி. வருஷந்தவறாமக் கும்பிடுதோம். அவளுக்கு என்ன கொற வச்சேன்? நடக்க வேண்டியது நடந்துச்சு, தெய்வமாயிட்டா. நம்ம குடும்பத்த இம்புட்டு நாளும் காத்துக்கிட்டு இருக்கவளே அவதான்."

அவர் அதை முழுசாக நம்பினார்.

சமுத்திரம் பைக்கை ஸ்டார்ட் செய்தார். "தெருவுல நின்னு என்ன பேச்சு? ஏறு, வீட்டுல போய்ப் பேசிக்கிடுவோம்."

"அத்தை உங்க சைக்கிள்ல ஏறுறப்ப ஒண்ணுமே கேக்கலியாப்பா?"

"என்னத்தக் கேப்பா? அண்ணன் கூப்பிட்டா, நம்பி ஏறுனா" என்றார் சமுத்திரம்.

சத்யப்பிரியா ஏறவில்லை.