மல்லாட்டைத் துறைமுகம்

எட்டு புள்ளி ஆறு. நர்ஸ் ஸ்வர்ணலதா அந்த எண்ணை ஹேமலதாவின் கர்ப்பிணி அட்டையில் எழுதி, அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டாள்.

"ரத்தம் பத்துக்கு ஏறணும்மா. ஆறு வாரம் டைம். ஏறலன்னா பிரசவத்துக்கு வேலூருக்குத்தான் எழுதிக் குடுப்பேன். மாதுளை, பேரீச்சம்பழம், ஈரல், முட்டைன்னு நல்லா சாப்பிடு. மாத்திரைய டீயோட முழுங்காத."

வெளியே வந்ததும் மாமியார் திலகவதி, "மாதுளைய கடையில பாத்துகினே நடந்து வா. பாக்குறதுக்குக் காசு கேக்க மாட்டான்" என்றாள். "நம்மளுக்கு முருங்கக்கீர, கேவுரு, மல்லாட்டை. ரத்தம் இன்னா, வெல பாத்துகினா ஏறுது?"

வீட்டுக்கு மளிகை வந்ததெல்லாம் திலகவதியின் பட்டுத்தறிக் கூலியில்தான். மகன் ஜெயக்குமார் சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளாகப் போய் நாலு மாதம் ஆகிறது. முதல் ஒப்பந்தம், பயிற்சிச் சம்பளம். ஒன்பது மாதம் முடித்தால்தான் கம்பெனி நல்ல சம்பளத்தில் திரும்ப எடுக்கும். அதற்குள் குழந்தை பிறந்துவிடும்.

அன்று சாயங்காலம் போனில் விஷயத்தைக் கேட்டதும் அவன் பதறினான்.

"ஹேமா, பத்து வரலன்னா சொல்லு. பாதியிலயே இறங்கிகினு வந்துர்றேன். கம்பெனி எடுத்தா எடுக்குது, இல்லன்னா போவுது."

"வாய மூடுடா, நல்ல வார்த்த சொல்லு" என்று திலகவதி தறிக்குழியிலிருந்தே கத்தினாள்.

ஹேமலதாவுக்கோ, மூடிக் கிடந்த வீட்டில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டது போலிருந்தது. பத்து வராவிட்டால் அவன் வருவான்.

மறுநாளிலிருந்து அடுப்பு மாறியது. பின் வீட்டுத் தனகோடியிடம் கேட்டு ஒடித்த முருங்கைக்கீரையைக் கேழ்வரகு மாவில் பிசைந்து திலகவதி அடை தட்டினாள். மதியம் ரேஷன் பருப்பில் கீரைக் கடைசல், மேலே எலுமிச்சை பிழிந்தது. மாலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வேகவைத்ததும் ஒரு துண்டு வெல்லமும். தான் மட்டும் பழைய சோற்றோடு முடித்துக்கொண்டு தறியில் இறங்கினாள்.

அவள் கால் மிதிக்கும் சத்தம் கேட்டதும் ஹேமலதா அடையோடு கொல்லைப்பக்கம் போவாள். ஒரு வாய் தின்பாள். மீதியைப் பிய்த்து மதில்மேல் வைப்பாள். காக்கை வரும். காக்கை கரைந்தால் ஊரிலிருந்து ஆள் வரும் என்பார்களே. "நல்லா கத்து" என்பாள் மெதுவாக. தின்னாமல் விட்டதும் அவனை அழைப்பதற்குத்தான், தின்னக் கொடுத்ததும் அவனை அழைப்பதற்குத்தான்.

பத்தாம் நாள் பின்னாலிருந்து மாமியார் குரல் கேட்டது.

"காக்காவ வேணா நர்சம்மாகிட்ட இட்டுகினு போலாமா? அதுக்குப் பன்னெண்டு இருக்கும்."

ஹேமலதா தலை குனிந்தாள். திட்டு வரும் என்று காத்திருந்தாள்.

"அவன் வரணும்னு எனக்கு மட்டும் ஆச இல்லியா?" என்றாள் திலகவதி. மதிலில் கிடந்த அடைத்துண்டை எடுத்து ஊதி, தன் வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் அவன் வீடியோவில் வந்தான். பின்னால் விளக்குகள், மழை, கூட்டம்.

"எங்க இருக்கேன் சொல்லு பாக்கலாம்? மணிலா!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆறாம் வகுப்பில், நூலகத்திலிருந்து எடுத்த மொழிபெயர்ப்புக் கதை ஒன்றில் 'கப்பல் மணிலாவை நெருங்கியது' என்று படித்துவிட்டு, மல்லாட்டை வயலுக்குள் கப்பல் எப்படிப் போகும் என்று இரண்டு நாள் யோசித்தவள் அவள். ஆரணிப் பக்கத்தில் மணிலா என்றால் மல்லாட்டைதானே. கல்யாணமான புதிதில் அவனிடம் சொல்லி இருவரும் சிரித்த கதை அது.

"மல்லாட்டைக்குள்ள கப்பல் போயிடுச்சா?"

"போயி, நங்கூரமும் போட்டாச்சி. இதப் பாரு." ஒரு காகிதப் பொட்டலத்தைக் காட்டினான். உள்ளே வேகவைத்த நிலக்கடலை, தோலோடு, ஈரமாக. "இங்கயும் தெருவுல விக்கிறாங்க ஹேமா. இதுக்கு இங்க 'மணி'ன்னு பேரு. வாயில போட்டதும் நம்ம வீடுதான். நீயும் எடுத்துகினு வா. ஒண்ணா துன்னலாம்."

அவள் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். அவன் ஒன்றை உடைத்தான், அவள் ஒன்றை உடைத்தாள். நடுவே எத்தனை கடல் என்று அவளுக்குத் தெரியாது. உப்பு மட்டும் நாக்கில் நின்றது. பேச்சு நின்ற பிறகும் இருவரும் உடைத்துக்கொண்டே இருந்தார்கள். கிண்ணம் காலியானபோதுதான், இத்தனை நாளில் முதல் தடவையாகத் தான் வயிறாரத் தின்றிருப்பதை அவள் கவனித்தாள்.

அதன்பிறகு மதில் வெறுமையாகவே இருந்தது.

ஆறாவது வாரம் ஸ்வர்ணலதா அட்டையில் எழுதினாள்: பத்து புள்ளி ஒன்று. இந்த முறை வட்டம் இல்லை.

சாயங்காலம் போன் வந்தது. "எவ்ளோ?" என்றான், வேறெதுவும் கேட்காமல்.

ஒன்பது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அட்டையை அவன் பார்க்கப்போவதில்லை. தறிச் சத்தம் நின்றிருந்தது. திலகவதி கையில் நெய்யும் நாடாவோடு இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து புள்ளி ஒண்ணுங்க."

"அப்போ… நான் வர வேணாமா?" என்றான். பையைக் கட்டி வைத்துவிட்டு, போ என்று யாராவது சொல்லக் காத்திருந்தவன் குரல் அது.

"வேணாங்க. முடிச்சிகினே வாங்க."

தறி மறுபடி ஓடத் தொடங்கியது, கொஞ்சம் தடுமாறி. ஹேமலதா மல்லாட்டைக் கிண்ணத்தோடு கொல்லைக்குப் போனாள். காக்கை மதிலில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தது.

"இப்ப கத்தாத" என்றாள். "நாலு மாசம் கழிச்சி வந்து கத்து."

ஒரே ஒரு கொட்டையை மட்டும் உடைத்து மதில்மேல் வைத்துவிட்டு, மீதியைத் தின்றாள்.