திலகத்துக்கு ரத்தம் கொடுத்த வருடம்

காக்ரியா கோட்டையில் எந்த ராஜபுத்திரனும் எங்கள் வீட்டு ரத்தம் நெற்றியில் படாமல் ராவ் ஆக முடியாது. ஆயிரம் வாள் வைத்திருக்கட்டும், புரோகிதர் குடம் குடமாக நதித் தண்ணீரை ஊற்றட்டும். மலைக்குடிகளான எங்கள் பீல்களின் தலைவன், எங்கள் பேச்சில் கமேத்தி, தன் கட்டைவிரலைக் கீறித் திலகம் வைத்த பிறகுதான் அவன் உட்காருவது சிம்மாசனம். அதுவரை அது வெறும் பலகை. இந்த மலை முழுக்க எங்களுடையதாக இருந்த நாளிலிருந்து வருகிற வழக்கம். ரத்தம் கொடுத்தவன் வில்லோடு சபைக்குள் போகலாம், எதையும் முகத்துக்கு நேரே கேட்கலாம். ராவ் அவன்மேல் கை வைக்கக் கூடாது.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்தது. ரத்தம் கொடுத்தவன் ஒரு வருடம் தாண்ட மாட்டான். என் தாத்தாவை ஒன்பதாம் மாதம் கரடி கிழித்தது. என் அப்பா நான்காம் மாதம் காய்ச்சலில் போனார். இரண்டு பேருக்கும் குதிரைமேல் ஆள் செதுக்கிய நடுகல் ஊர் எல்லையில் நிற்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம்.

அப்பாவுக்குப் பிறகு இருபது வருடம் என் அண்ணன் ஹக்ராதான் கமேத்தி. கிழட்டு ராவ் செத்து, மகன் துர்ஜன்சாலுக்குத் தசரா அன்று பட்டம் என்று ஆள் வந்தபோது, ரத்தம் கொடுக்க வேண்டியவனும் அண்ணன்தான். நான் குறுக்கே விழுந்தேன். ஊர் கூடியிருக்கும்போது எழுந்து, "அண்ணனுக்கு நாலு பொண்ணு. ஒண்ணுக்கும் கல்யாணம் ஆகல. நான் குடுக்கறேன்" என்றேன். கிழவிகள் அழுதார்கள். வேஸ்தா மாதிரி ஒரு தம்பி கிடைக்குமா என்றார்கள். எனக்கு அந்த நாலு பெண்களில் இரண்டு பேரின் பெயர் சட்டென்று வாயில் வராது. நான் பார்த்தது கமேத்தி உட்காருகிற பாயை; ரத்தம் கொடுக்கிறவனுக்குத்தான் அது. சிறு வயதிலிருந்து அந்தப் பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எனக்கு இடுப்பு வலித்துப் போயிருந்தது.

கூட்டம் கலைந்ததும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"உனக்கு வேணுங்கறது என் உசுரைக் காப்பாத்தறதா, என் பாயாடா?"

அவனே மேலே சொன்னான்.

"பாயின்னா எடுத்துக்க. ஆனா அதோட வர்றதையும் சேத்து எடுத்துக்க. பாதியில என்கிட்ட வராத."

சபையில் கத்தியை எடுத்தேன். புரோகிதர் சிரித்துக்கொண்டே, "குரு கேட்டாருன்னு ஒரு வேடன் விரலையே அறுத்துக் குடுத்தான். உனக்கு நாலு சொட்டுதானப்பா, சீக்கிரம்" என்றார். துர்ஜன்சாலுக்கு இருபத்திரண்டு வயது. என் ரத்தம் நெற்றியில் பட்டதும் முகத்தைச் சுளித்துவிட்டு, "பாத்து மெல்லக் கீறு வேஸ்தா. ஒரு வருஷமாவது இருக்கணும்ல" என்றான். சபை முழுக்கச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஊருக்குத் திரும்பியதும் பாயில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒரு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் காலையிலேயே பயம் பிடித்துக்கொண்டது. வாசலில் ஒரு தேள். தேள் எங்கள் ஊரில் தினம் வரும், செருப்பால் அடித்துவிட்டுப் போவோம். நான் வியர்த்துப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றேன். அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. காட்டுக்குப் போனால் கரடி, ஆற்றுக்குப் போனால் சுழல், வீட்டில் இருந்தால் கூரை. இலுப்பைப் பூ பொறுக்கப் போகவில்லை. ஹோலிக்குக் கமேத்திதான் தீ வைக்க வேண்டும். கண் வலி என்று படுத்துக்கொண்டேன், அண்ணன் வைத்தான். சாப்பாட்டை முதலில் நாய்க்குப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"சாகப்போறவனுக்குச் சமைச்சுப் போடறது ஒரு கஷ்டமில்ல. சாகாம இருக்கப் பாக்கறவனுக்குச் சமைச்சுப் போடறேன் பாரு, அது எனக்குத்தான் தெரியும்" என்றாள் என் பெண்டாட்டி ரூப்லி. நாய்க்குச் சதை போட்டுவிட்டது.

வழக்கு என்று யாராவது வந்தால், தசரா முடியட்டும் பார்க்கலாம் என்பேன். தீர்ப்புச் சொன்னால் தோற்றவன் அம்பு விட்டுவிடுவானோ என்று பயம். வந்தவர்கள் எதிர்த்துப் பேசவில்லை. எழுந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அங்கே அவன் வெறும் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பாய் என் வீட்டில் இருந்தது.

ஐந்தாம் மாதம் பஜாரிலிருந்து சேட் கிஸ்தூர்சந்த் ஒரு பானை நெய்யோடு வந்தார். கோட்டையின் பட்டாபிஷேகச் செலவு, யானை, புதிய துப்பாக்கிகள் எல்லாம் அவர் கொடுத்த பணம். என்னை "கமேத்திஜி" என்று கூப்பிட்ட ஒரே ஆள் அந்த வருடத்தில் அவர்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மழை வருமா வராதான்னு பஜாருல பந்தயம் கட்டுவோம், தெரியும்ல. மழை சீசன் முடிஞ்சு போச்சு, எங்க ஆளுங்களுக்குக் கை அரிக்குது. இப்ப உங்கமேல கட்டறாங்க."

"எம்மேலயா?"

"வருஷம் தாண்டுவீங்களா மாட்டீங்களான்னு. எல்லாரும் மாட்டீங்கன்னு கட்டியிருக்காங்க. நான் ஒருத்தன்தான் தாண்டுவீங்கன்னு. அதனால சொல்றேன், வெளிய தெருவுல சுத்தாதீங்க. ஊர்ச் சண்டை, கோட்டை வழக்கு, எதுலயும் தலைய விடாதீங்க. நல்லா சாப்பிட்டு வீட்டோட இருங்க."

கோபம் வர வேண்டிய இடம். எனக்கு வந்தது நன்றி. நான் பிழைப்பேன் என்று உலகத்தில் ஒருவனாவது காசு வைத்திருக்கிறானே என்று கண் கலங்கிவிட்டது. மாதம் ஒரு பானை நெய் வந்தது. தின்றேன். வீட்டோடு இருந்தேன்.

தசராவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது டமாரம் அடித்தது. எங்கள் கணவாயைக் கடந்து போகிற ஒவ்வொரு வண்டிக்கும் எருதுக்கும் நாங்கள் காவல் போவோம், கூலி வாங்குவோம். எங்களுக்கு உழ நிலம் கிடையாது, அந்தக் கூலிதான் சோறு. அங்கே ராவின் ஆட்கள் காவல் சாவடி கட்டுகிறார்களாம். இனி கணவாய்க் கூலி சேட் கிஸ்தூர்சந்துக்காம். வாங்கின கடனுக்கு ராவ் எழுதிக் கொடுத்துவிட்டானாம்.

நெய் எதற்கு வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பந்தயம் நிஜமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஆளுக்கு வேண்டியிருந்தது சபைக்குள் போய்க் கேட்கக்கூடிய ஒருத்தன் வெளியே வராமல் இருப்பது. அதற்கு எட்டுப் பானை நெய் மிக மலிவு.

புரிந்த பிறகாவது கிளம்பியிருக்க வேண்டும். ஊரே என் வாசலில் வில்லோடு நின்றது. ராவ் தொடக்கூடாத ஒரே ஆள் நான். நடந்து போய், "என் ரத்தத்தை நெத்தியில வச்சுக்கிட்டு என் சோத்துல கை வைக்கிறியா" என்று கேட்டால் போதும். அவன் என்னை ஒன்றும் செய்ய முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வருடத்துச் சாவு எதன் கையால் வரும் என்று யாருக்குத் தெரியும்? வழியில் பாம்பு வரலாம். பாறை உருளலாம். பன்னிரண்டே நாள்.

"பன்னெண்டு நாள் பொறுங்க. தசரா முடிஞ்ச மறுநாள் காலையில நானே முன்னால போறேன்" என்றேன்.

அண்ணன் மட்டும், "பன்னெண்டு நாள்ல சுவரு தலைக்கு மேல எழும்பிடும். அப்புறம் கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னான். பிறகு திரும்பி நடந்தான். பதினைந்து பேர் அவன் பின்னால் போனார்கள். நான் பாயில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன்.

நடந்ததை அந்தப் பதினைந்து பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். கோட்டை வாசலில் காவல் தலைவன் தடுத்து, "வில்லோட உள்ள போக ரத்தம் குடுத்தவனுக்குத்தான் உரிமை. நீ குடுத்தியா? விரலைக் காட்டு" என்றிருக்கிறான். அண்ணனின் கட்டைவிரலில் ஒரு கீறல் கிடையாது. அவன் இடுப்புக் கத்தியை எடுத்து, அங்கேயே ஆழமாகக் கீறி, வாசற்படியில் ரத்தத்தைத் தேய்த்து, "இப்ப குடுத்துட்டேன். வழிய விடு" என்றிருக்கிறான். கத்தியைப் பார்த்துப் பயந்தானோ, சொல்லி வைத்திருந்தார்களோ, மேலே இருந்த ஒருவன் புதிய துப்பாக்கியால் சுட்டுவிட்டான். அண்ணன் அந்தப் படியிலேயே விழுந்தான்.

படியில் பீல் ரத்தம் காய்ந்து கிடக்கும்போது ராவ் உள்ளே எப்படிச் சோறு தின்பான்? புரோகிதர் நடுங்கிப்போனார். மலை முழுக்க டமாரம் ஓயவில்லை. மூன்றாம் நாள் சாவடியை அவர்களே இடித்தார்கள். கணவாய் எங்களிடம் திரும்பி வந்தது.

தசரா வந்தது, போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சளி கூடப் பிடிக்கவில்லை. பந்தயத்தில் ஜெயித்த சேட், கணவாய் போன துக்கத்திலும் முறை தவறாமல் ஒரு கூடை இனிப்பு அனுப்பினார். ரூப்லி அதை நாய்க்குக் கூடப் போடவில்லை, குப்பையில் கொட்டினாள்.

அடுத்த வாரம் அண்ணனுக்கு நடுகல் வைத்தார்கள். அப்பாவின் கல்லுக்குப் பக்கத்தில் குழி தோண்டியாயிற்று. கல் தச்சன் குதிரைமேல் ஆளைச் செதுக்கி முடித்து, என்ன சொல்லி நடுவது என்று கேட்டான். அண்ணனின் பெண்டாட்டி தானி சொன்னாள்: "ஹக்ரா கமேத்தி. ராவுக்குத் திலக ரத்தம் குடுத்தவரு. வருஷம் தாண்டல."

பாய் போனால் போகட்டும். ஆனால் நான் செய்த ஒன்றே ஒன்றும் அதோடு போவதா? பதினொரு மாதம் எரிந்து சாம்பலானது நான் இல்லையா? கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அண்ணி முன்னால் கட்டைவிரலை நீட்டினேன். தழும்பு தெளிவாகத்தான் இருந்தது.

"அண்ணி, குடுத்தது நான். சபையில எல்லாரும் பாத்தாங்க."

அவள் தழும்பைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் கோபமாகத் திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். காய்ச்சலில் பிதற்றுகிறவனுக்குச் சமாதானம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"நீங்க குடுத்திருந்தா இப்ப இருந்திருக்க மாட்டீங்களே, தம்பி."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பிறகு கல்லை நிமிர்த்த ஒரு ஆள் குறைகிறது என்று யாரோ சொன்னார்கள். நான் போய் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.