ஊதாமலே கிடைத்த வீடு

வெய்க்கோ அன்றைக்கு வேண்டுமென்றே குடித்துவிட்டுத்தான் போனான். காலை பத்து மணிக்கு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நகராட்சிக்காரர்கள் வரச் சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்கே ரயில் நிலையத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அரை பாட்டில் வோட்காவை இறக்கியாயிற்று. ஆசைக்குக் குடிக்கவில்லை. அவர்களைச் சோதித்துப் பார்க்கக் குடித்தான்.

"நிபந்தனையே இல்லையாம்டா," என்று கலேவியிடம் கடிதத்தைக் காட்டினான். ஹெல்சிங்கி தெருக்களில் பதினோரு வருடமாக ஒன்றாகப் படுத்து எழுந்த கூட்டாளி கலேவி. "குடிச்சாலும் வீடாம், குடிக்காட்டாலும் வீடாம். என் பேர்லயே ஒப்பந்தமாம்."

"யாரு காதுல பூ சுத்துறானுங்க?" கலேவி கடிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "உள்ள போனதும் குடிச்சிருக்கியான்னு பார்க்கக் குழாய்ல ஊதச் சொல்லுவான். ஊதினா முள்ளு ஏறும். கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவான்."

"அதான் குடிச்சிட்டே போறேன். தள்றதா இருந்தா இன்னைக்கே தள்ளட்டும். ஜன்னலுக்குத் துணி மாட்டி, தலகாணி போட்டுப் படுத்ததுக்கு அப்புறம் தள்ளினா என்னால தாங்க முடியாதுடா."

அவன் பயந்ததில் என்ன தப்பு? அதுவரை அந்த ஊரில் வீடு என்பது பரமபத ஆட்டமாகத்தான் இருந்தது. முதலில் விடுதிக் கட்டில். மூன்று மாதம் ஒழுங்காக இருந்தால் நாலு பேர் அறை. அப்புறம் ஆறு மாதம் சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தால் பயிற்சி வீடு. அதையும் தாண்டினால்தான் சொந்தச் சாவி. ஒரு நாள் சறுக்கினாலும் அடிக்கட்டத்துக்கு வந்துவிட வேண்டியதுதான். குடியை விடு, வீடு தருகிறோம் என்றார்கள். குப்பைத்தொட்டிக் கொட்டகையில் சுருண்டு கிடக்கிறவன் எதைப் பிடித்துக்கொண்டு குடியை விடுவான் என்று ஒருத்தனாவது யோசித்தானா? மெத்தையில் புரண்டு எழுந்தவர்கள் காபி குடித்துக்கொண்டே போட்ட சட்டம் அது. வெய்க்கோ ஏழு தடவை ஏறினான், ஏழு தடவையும் விழுந்தான்.

மிர்யா முதல் கட்டத்திலேயே செத்துப்போனாள்.

அவனோடு ஆறு வருடம் இருந்தவள் மிர்யா. கல்யாணம், காகிதம் ஒன்றும் கிடையாது. இருந்த ஒரு போர்வையை ரெண்டு பேரும் போர்த்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். போன வருடம் ஜனவரியில் வெய்க்கோ நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கிவிமாக்கி தெரு விடுதிக்கு அவள் தனியாகப் போனாள். வாசலில் ஊதச் சொன்னார்கள். மத்தியானம் குடித்த இரண்டு பீருக்கு முள் கொஞ்சம் அசைந்துவிட்டது. குடித்தவர்களுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. குப்பைத்தொட்டிக் கொட்டகையில் விறைத்துக் கிடந்தவளைக் காலையில் குப்பை லாரிக்காரர்தான் பார்த்தார். அட பாவிகளா, இரண்டு பீர்!

இப்போது வெய்க்கோவை வரச் சொல்லியிருந்ததும் அதே கிவிமாக்கி தெருக் கட்டடத்துக்குத்தான். விடுதியை இழுத்து மூடிவிட்டு உள்ளே தனித்தனி வீடுகளாகத் தடுத்திருந்தார்கள். புதுப் பெயின்ட் வாசனை அடித்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்ததும் வெய்க்கோவுக்கு ஏறியிருந்த போதையெல்லாம் பாதியாக இறங்கிவிட்டது. யோர்மா. விடுதி வாசலில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்; மிர்யாவைத் திருப்பி அனுப்பியதும் இவன்தான் என்று வெய்க்கோ பிற்பாடு கேள்விப்பட்டிருந்தான்.

"வாங்க வெய்க்கோ, உக்காருங்க," என்றான் யோர்மா. வோட்கா வாடை மேஜையைத் தாண்டிப் போயிருக்கும். அவன் முகம் சுளிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பி முன்னால் வைத்தான். "இங்க ஒண்ணு, அடுத்த பக்கத்துல ஒண்ணு."

"குழாய் எங்க?"

"என்ன குழாய்?"

"ஊதுற குழாய்யா. எடு. ஊதறேன். நான் குடிச்சிருக்கேன், நல்லா குடிச்சிருக்கேன்."

"தெரியுது," என்றான் யோர்மா. "அதெல்லாம் இப்ப இல்ல. தூக்கிப் போட்டாச்சு. நீங்க கையெழுத்துப் போட்டா சாவி உங்களுக்கு."

உண்மைதான் போலிருக்கிறது. வெய்க்கோவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவன் காகிதத்தைத் தள்ளிவிட்டான்.

"அரை பாட்டில் அடிச்சவனுக்குச் சாவி. ரெண்டு பீர் குடிச்சவளுக்குக் குப்பைத்தொட்டி. என்னய்யா நியாயம் இது?"

யோர்மா தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப விதி அப்படி. நான் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன். மேல உள்ளவங்க யோசிச்சு இப்ப மாத்தியிருக்காங்க."

"யோசிச்சாங்களா? அவங்க யோசிச்சு முடிக்கிற வரைக்கும் எங்களை ஐஸ்லயா போட்டு வச்சிருந்தீங்க? சுவரு அதே சுவரு. கூரை அதே கூரை. ஆளும் நீயேதான். இன்னைக்கு முடியுது, அன்னைக்கு ஏன்யா முடியல? அவளுக்கு ஒரு கதவு குடுக்க உங்களுக்கு என்ன கேடு?"

ஒப்பந்தத்தைக் கிழித்து அவன் மூஞ்சியில் எறியலாமா என்று வெய்க்கோ அதைக் கையில் எடுத்தான். எறிந்தால் யாருக்கு நஷ்டம்? அவன் இன்னொன்று அச்சடித்துவிட்டுச் சாப்பிடப் போவான். நாம்தான் மறுபடி பனியில் கிடந்து சாக வேண்டும். செத்து அவர்களுக்கு உதவி பண்ணுவதா? வெய்க்கோ பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டான்.

மூன்றாம் மாடியில் அவன் வீடு. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். உள்ளே போய் நின்றான். பின்னாலேயே யோர்மா, அந்த ஊர் வழக்கப்படி புது வீட்டுக்குக் கொடுக்கிற கறுப்பு ரொட்டியும் உப்பும் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"அடுப்பு எப்படிப் போடறதுன்னு காட்டட்டுமா?"

"நீ உள்ள வர நான் சரின்னு சொல்லணும், இல்ல?"

"ஆமா. உங்க வீடு. வேண்டாம்னா நான் வரக்கூடாது."

"வேண்டாம்."

யோர்மா போகவில்லை. ரொட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "அந்த நாளை நான் மறக்கல வெய்க்கோ. ஜனவரி பதினாலு. சிவப்புக் குல்லாய் போட்டிருந்தாங்க. பூஜ்யம் புள்ளி மூணு காட்டுச்சு. சத்தியமா, இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது."

வெய்க்கோ அவனையே பார்த்தான். இவனும் மனுஷன்தானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"அவ பேரு என்ன?"

"அது... பதிவேட்டைப் பார்த்தா..."

"முள்ளு எங்க நின்னுச்சுன்னு தெரியும். குல்லாய் என்ன கலருன்னு தெரியும். பேரு தெரியாது!" வெய்க்கோ வாசல்வரை வந்தான். "மிர்யா. மிர்யா லெஹ்தோவாரா. சொல்லு."

"மிர்யா லெஹ்தோவாரா," என்றான் யோர்மா மெதுவாக.

"சத்தமா சொல்லுய்யா. இந்தக் கட்டடத்துக்கே கேக்கணும்."

"மிர்யா லெஹ்தோவாரா!"

நடையில் இரண்டு கதவுகள் திறந்தன. நேற்றுத்தான் குடிவந்த பெண் ஒருத்தி பல் தேய்த்த நுரை வாயோடு எட்டிப் பார்த்தாள். "யாருப்பா அது? எந்த வீட்டுல இருக்காங்க?"

வெய்க்கோதான் பதில் சொன்னான்.

"எந்த வீட்டுலயும் இல்லம்மா. இவங்க விட்டிருந்தா இருந்திருப்பா."