ஏழாம் நாள் சாம்பல்

நிலக்கரி லாரி என் இடது காலில் முழங்காலுக்குக் கீழே சதையை உரித்துக்கொண்டு போயிருந்தது. புண்ணுக்குள் ஸ்பாஞ்ச் வைத்து, மேலே கண்ணாடித்தாள் ஒட்டி, குழாயை ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த உறிஞ்சு கருவியோடு இணைத்திருந்தார்கள். சுவர் ஓயாமல் உறிஞ்சியது. ஸ்பாஞ்ச் இறுகியே இருக்க வேண்டும். அது உப்பிவிட்டால், உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி லிங்யா சாலையிலேயே இறந்துவிட்டாள். அவளைப் புதைத்தபோதும் நான் இந்தச் சுவரோடுதான் இருந்தேன்.

அன்று ஏழாம் நாள். இறந்தவரின் ஆவி வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் நாள்.

"இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன், டாக்டர்."

"குழாயைக் கழட்டினா உள்ள சீழ் கட்டும். அப்புறம் காலை எடுக்கணும். பரவாயில்லையா?"

"பரவாயில்லை."

டாக்டர் தாவ் என் மாமியாரைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கம்மா."

"பொண்ணுதான் போயிட்டா. காலையாவது வச்சுக்கங்க, மாப்ள." மாமியார் என் போர்வையைச் சரிசெய்தாள். "நான் போய் வாசல்ல சாம்பல் தூவி வைக்கிறேன். வந்தா தடம் விழும். புளிச்ச மீன் சூப்பும் வைக்கிறேன்."

"வீட்ல ஆள் இல்லைன்னா இங்கதான் தேடி வருவா," என்றார் பக்கத்துக் கட்டில் சுரங்கத் தொழிலாளி கூ. "லிஃப்ட் வேற ரிப்பேர். ஏழு மாடி ஏறணும், பாவம்."

"வாயில நல்லதே வராதா, அண்ணே?" என்றாள் மாமியார்.

மாமியார் போன பிறகு குழாயைக் கழற்ற என் கை அதன் அடைப்பான் வரை போனது. காலையாவது வச்சுக்கங்க என்றிருந்தாள். கையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மாமியார் தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள். படியேறியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வந்தாளா, அத்தை?"

"தூவின சாம்பல் தூவின மாதிரியே கிடக்கு. பூனைகூட மிதிக்கல." கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். "இங்க?"

தரையை அப்போதுதான் பிளீச்சிங் தண்ணீரால் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

டாக்டர் தாவ் வந்து ஸ்பாஞ்சை அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. கால் பொழைச்சுடும்."

கூ கைதட்டினார். மாமியார் பாத்திரத்தைத் திறந்தாள். மீன் துண்டுகள் உடையாமல் கிடந்தன.

"சாப்பிடுங்க, மாப்ள. அவளுக்கு வச்சதுதான்."

சாப்பிட்டேன்.