தாய்வீட்டில் எலி விழுந்தது

வியாபாரி மல்லப்பன் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பிய வியாழக்கிழமை காலையில்தான் சாமான் அறையில் எலி செத்துக் கிடந்தது.

முதலில் பார்த்தவள் சமையல் செய்யும் மாதம்மா. அரிசி எடுக்கப் போனவள் வெறும் முறத்தோடு திரும்பி வந்து, செலுவம்பாவின் காதருகே குனிந்து, "அம்மா, கொஞ்சம் இப்படி வாங்க" என்றாள். குரல் அடங்கியிருந்த விதத்திலேயே செலுவம்பா மறுபேச்சில்லாமல் எழுந்து போனாள். அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே அது மல்லாந்து கிடந்தது. உடம்பில் காயம் இல்லை. பூனை வாய் வைத்த அடையாளமும் இல்லை.

பிளேக் வந்து வந்து போய்க்கொண்டிருந்த அந்த வருஷங்களில் மைசூரில் யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டில் எலி விழுந்தது என்றால் அடுத்த வீட்டில் பாயைச் சுருட்டுவார்கள். முனிசிபாலிட்டிக்குத் தகவல் சொல்ல வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கொட்டகையில் போய் இருக்க வேண்டும். முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து கூரை ஓடுகளைப் பிரித்து வெயில் விட்டு, மருந்து தெளித்து, சரி என்று சொன்ன பிறகுதான் திரும்பி வரலாம்.

"இன்னிக்கா இது விழணும்?" என்றாள் செலுவம்பா.

தேவராஜ மொஹல்லாவில் இருந்த அந்த வீட்டுக்குப் பலகையில் எழுதிய நீளமான பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. அக்கம்பக்கத்தார் கன்னடத்தில் 'தவரு மனே' என்பார்கள். அப்போது கோயமுத்தூர் ஜில்லாவோடு இருந்த கொள்ளேகால், அனூர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கிய பெண்களுக்கு அது தாய்வீடு. பிரசவத்துக்குப் போகப் பிறந்த வீடு இல்லாதவர்கள், புருஷனை இழந்தவர்கள், புருஷன் விட்டுப் போனவர்கள் அங்கே வந்து பிள்ளை பெற்று, உடம்பு தேறும்வரை இருந்துவிட்டுப் போவார்கள். செலுவம்பா மேல்கோட்டைக் குடும்பத்துப் பெண். இருபத்தைந்து வயதில் புருஷனை இழந்தவள். தாலுகா அமல்தாராக இருந்து ஓய்வு பெற்ற கேசவமூர்த்தி வாடகையும் அரிசியும் பார்த்துக்கொள்ள, அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அவர் போன வைகாசியில் காலமானார். பட்டணத்திலிருந்து வந்த மகன்கள், பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் மிகவும் மரியாதையாகக் கை விரித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து செலுவம்பா பெரிய வீடுகளின் படியேறிக்கொண்டிருந்தாள். காபி கிடைத்தது. நல்ல காரியம் என்ற பாராட்டு கிடைத்தது. ஒரு வக்கீலின் மனைவி மட்டும் குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் முறையாத் தாலி கட்டிண்டவாதானே?" என்று கேட்டாள். செலுவம்பா, "வலி எடுக்கிறவாகிட்ட நான் அதைக் கேக்கறதில்லை" என்று பதில் சொன்னாள். அந்தக் கதவும் அதோடு மூடிக்கொண்டது. கொள்ளேகால் பட்டு நூல் வியாபாரி மல்லப்பன் ஒருவர்தான், நேரில் வந்து பார்க்கிறேன் என்றவர்.

மாதம்மா சொன்னாள்: "நான் இடுக்கியால எடுத்து, கொல்லையில சீமெண்ணெய் ஊத்திக் கொளுத்திடறனுங்க. ஒருத்தருக்கும் தெரியாது. அவுங்க வந்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்."

உள்ளே பசம்மாவின் பச்சைக் குழந்தை அழுதது. பூவாத்தாள் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். செலுவம்பா இரண்டு பேரையும் பார்த்தாள். கொட்டகைக்குப் போனால் இவர்களுக்கு எதைப் போடுவது? மல்லப்பன் திரும்பிப் போய்விட்டால் இந்த வீடே இருக்காதே.

"சரி, கையைச் சீயக்காய் போட்டுக் கழுவு" என்றாள்.

கொல்லையில் புகை எழுந்து அடங்கியது. செலுவம்பா சாமான் அறையைத் தானே பெருக்கிச் சாணம் தெளித்தாள். மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். இன்னொன்று கிடந்துவிடக் கூடாதே என்று பெருமாளை வேண்டிக்கொண்டாள். வேண்டும்போதே இப்படி ஒரு வேண்டுதலா என்று வெட்கமாகவும் இருந்தது.

வெயில் ஏறியதும் ஜட்கா வந்து நின்றது. மல்லப்பன் நல்ல ஆகிருதியான மனிதர். சரிகைத் தலைப்பாகை. கூடவே மனைவி பழனாத்தாளும், நாலு வயதுப் பேத்தி நாச்சியும். குழந்தையைக் கூட்டி வருவார்கள் என்று செலுவம்பா எதிர்பார்க்கவில்லை. அதன் வெறுங்காலைப் பார்த்ததுமே சாமான் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்கோ, இப்படிக் காத்தாட உட்காருங்கோ" என்று முன்கூடத்திலேயே பாயை விரித்தாள்.

பழனாத்தாள் பாயில் உட்காரவில்லை. நேரே தூளிக்குப் போய்ப் பசம்மாவின் குழந்தையை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டாள். மல்லப்பன்தான் சொன்னார்.

"எங்க மக ரெண்டாவது பிரசவத்துல போயிட்டாளுங்க. மருத்துவச்சி வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. இந்தப் பேத்தி மட்டுந்தான் மிச்சம். கோயமுத்தூர் ஜில்லாக்காரன் மகாராசா சீமையில வந்து எதுக்குப் பணம் போடறேன்னு எங்க சனமெல்லாம் கேக்குதுங்க. எங்க ஊர்ப் பொண்ணுங்க வலி எடுத்தா இங்கதானே வருதுங்க?"

மோர் கொடுத்தார்கள். மல்லப்பன் எழுந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். "பின்னால காலி எடம் கெடக்குதுங்களே. மக பேர்ல ரெண்டு ரூம் கட்டிரலாமுங்க. வருசத்துக்கு வேண்டிய அரிசியும் நம்மளுது" என்றார்.

இந்த வார்த்தைக்காகத்தான் செலுவம்பா வைகாசியிலிருந்து செருப்பில்லாத காலோடு ஊரெல்லாம் அலைந்தாள். வார்த்தை வந்தபோது அது காதில் சரியாக விழவே இல்லை. அவள் கண் நாச்சியின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை கூடத்தைச் சுற்றியது, தூணைச் சுற்றியது, அப்புறம் காணவில்லை.

"என்னுங்க, யோசனை பண்றீங்க?" என்றார் மல்லப்பன்.

"ஒண்ணுமில்லை. உங்க பெரிய மனசு..."

சாமான் அறைக் கதவு கிரீச்சிட்டது. விருந்தாளிகளுக்காக அரிசி எடுத்த மாதம்மா அதை வெறுமனே சாத்திவிட்டு வந்திருந்தாள். கதவிடுக்கிலிருந்து நாச்சி வெளியே வந்தாள், கைப்பிடி நிறைய அரிசியோடு. ஒரு வாய் போட்டுக்கொண்டு மென்றபடி, அடுத்த வாய்க்குக் கையைத் தூக்கினாள்.

செலுவம்பா எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடிப்போய்க் குழந்தையின் கையைத் தட்டிவிட்டு, வாய்க்குள் விரலை விட்டு அரிசியை வழித்து எறிந்தாள். நாச்சி வீறிட்டாள். கூடமே அதிர்ந்துபோய்ப் பார்த்தது.

"ஏனுங்க, குழந்தை ரெண்டு அரிசி தின்னா என்னாயிரும்?" பழனாத்தாளின் குரலில் கோபம் ஏறியது.

"அந்த அறைல இன்னிக்குக் காலம்பர எலி விழுந்தது" என்றாள் செலுவம்பா.

பழனாத்தாள் மடியிலிருந்த குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுப் பேத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் அதன் உள்ளங்காலைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

மல்லப்பன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. "காலையிலயே தெரியுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எங்களை உக்கார வெச்சு மோர் குடுத்தீங்களா?"

"நீங்க திரும்பிப் போயிடுவேள்னு பயந்துட்டேன்."

"நாங்களும் பயந்த சனந்தானுங்க. ஒண்ணைப் பறிகுடுத்துட்டு வந்திருக்கறோம்." அவர் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு படியிறங்கினார். போகும்போது பழனாத்தாள் மட்டும் ஒருமுறை தூளியைத் திரும்பிப் பார்த்தாள். ஜட்கா போய்விட்டது.

மாதம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செலுவம்பா உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரிந்தது. பக்கத்து வீட்டு வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாள், எதிர்வீட்டில் சொன்னாள், அப்படியே நடந்து முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போய்ச் சொன்னாள்.

சாயங்காலமே எல்லாரும் நஜர்பாத்துக்கு அப்பால், சாமுண்டி மலை தெரிகிற வெட்டவெளிக் கொட்டகைகளுக்குப் போனார்கள். பூவாத்தாளை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினார்கள். வழியெல்லாம் ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். மறுநாள் பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டில் எலிகள் விழுந்து கிடந்ததாகச் சேதி வந்தது. பின்தெருவில் வீட்டை விட்டு வராமல் அடம்பிடித்த தையல்காரர் ஒருவர் அந்த வாரமே இறந்துபோனார்.

பிளேக் ஊசி போட வந்தவர்கள் வந்து போன பின் மாதம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஊசியினால் வந்த காய்ச்சல் என்று எல்லாரும் சொன்னார்கள். எலியைத் தொட்டவள் இவள்தான் என்பது செலுவம்பாவுக்குத்தானே தெரியும்? அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கக்கத்தில் வீக்கம் இருக்கிறதா, தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தாள்.

"எத்தனை வாட்டித்தான் பாப்பீங்க? கூசுதுங்கம்மா" என்றாள் மாதம்மா, கண்ணைத் திறக்காமலே.

"நான்தானே உன்னை எடுக்கச் சொன்னேன்."

"நான்தானுங்க எடுக்கறேன்னு சொன்னேன்."

காய்ச்சல் இறங்கிய அன்று பூவாத்தாளுக்கு வலி கண்டது. சேலைகளைக் கட்டி மறைத்துக் கொட்டகையிலேயே பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. நல்ல அழுகை. மாதம்மா எழுந்து வந்து கஞ்சி வைத்தாள். அந்தக் கஞ்சிக்கு அரிசியை அக்கம்பக்கக் கொட்டகைகளில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் செலுவம்பாவால் காத்திருக்க முடியவில்லை. மறுநாள் மறுபடியும் படியேறப் புறப்பட்டாள்.

இம்முறை காபிகூடக் கிடைக்கவில்லை. 'பிளேக் வீட்டு அம்மா' என்று பெயர் விழுந்திருந்தது. ஒரு வீட்டில் ஜன்னல் வழியே பேசி அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் ஆளே இல்லை என்றாள் வேலைக்காரி. உள்ளே வீணை கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் சந்தைப்பேட்டைக்கு வந்தாள். பெரிய மனிதர்கள் இல்லாவிட்டால் கடைக்காரர்களையாவது கேட்கலாமே.

லிங்கப்பனின் தானியக் கடையில் அவள் பேரைச் சொன்னதும் அவர் கல்லாவை விட்டு எழுந்தார்.

"தவரு மனே அம்மாவா? உங்க பக்கத்து வீட்டுலதாம்மா என் தங்கச்சி இருக்கா, மூணு பசங்களோட. அன்னிக்கி நீங்க வாசல்ல நின்னு கத்தினதுனாலதான் உடனே கெளம்பினாங்க. வேற யாராச்சும்னா மூடி மறைச்சிருப்பாங்க. நீங்க சொன்னீங்க. உக்காருங்க."

செலுவம்பா நின்றபடியே இருந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். இந்த மனிதர் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டார்.

"உடனே சொல்லலை" என்றாள். "காலம்பரயே பாத்தேன். பணம் தர ஒருத்தர் வர்றதா இருந்தது. அவருக்காக மறைச்சேன். அவர் பேத்தி அந்த அரிசியை வாயில போட்டுண்ட அப்புறம்தான் சொன்னேன்."

லிங்கப்பனின் முகம் மாறியது. அவர் எதிரிலிருந்த துவரையை அள்ளி, விரலிடுக்கில் விட்டு, மறுபடி அள்ளினார்.

"இதை ஏம்மா எனக்குச் சொல்றீங்க?"

"நாளைக்கு வேற யாராவது சொல்லுவா. அப்போ நீங்க குடுக்கறதை நிறுத்திடுவேள். அதுக்குள்ள அங்க யாருக்காவது மாசம் நெருங்கியிருக்கும். எங்கே அனுப்புவேன்?"

வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து விலை கேட்டுவிட்டுப் போனார். பிறகு லிங்கப்பன் கடையாளைக் கூப்பிட்டு ஒரு மூட்டை அரிசியைக் கொட்டகைக்கு அனுப்பச் சொன்னார்.

"மூட்டை மாசாமாசம் வரும். அதுக்கு மேல என்னால ஆகாதும்மா, நான் அவ்வளவு பெரிய ஆளில்லை. ஆனா இந்தத் தெருவுல இருபது கடை இருக்கு. ஆளுக்குக் கொஞ்சம்னா ஆகும். வாங்க, நானும் வரேன்." செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். "அரைநாள் மறைச்ச கதையை எல்லாருக்கும் சொல்லணும்னு இல்லை."

"கேட்டா சொல்லுவேன்."

"கேட்டா சொல்லுங்க" என்று அவர் பெருமூச்சு விட்டார்.

முதலில் போன எண்ணெய்க் கடைக்காரர், லிங்கப்பனைப் பார்த்து வரவேற்று, செலுவம்பாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேண்டாம் என்று கையசைத்தார். அடுத்தது வெல்ல மண்டி. கல்லாவிலிருந்த கிழவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"எலி விழுந்த வீடா?" என்றார்.

"ஆமாம்."

"குழந்தைங்க நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்கு. புதுசா ஒரு பொண்ணும் பொறந்திருக்கா."

கிழவர் பக்கத்திலிருந்த மூட்டையைத் தள்ளி இடம் பண்ணினார். "நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? உக்காந்து சொல்லும்மா" என்றார்.