பெயர் சொல்லாத சத்தியவாக்கு

புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ கிளம்பியபோது ஜம்புநாதனின் பாதி உடம்பு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தாராளமாக உட்கார்ந்திருந்தவனிடம் கொஞ்சம் நகரச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ராணுவக் கிடங்கின் கணக்குப் பிரிவில் அன்று மேலதிகாரி தம் தவறை இவர் தலையில் கட்டியபோதும் வரவில்லை. பரம சாது என்று ஆபீசில் எல்லாரும் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து, காபி குடித்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்தச் சாது வேறு ஆள். புனேத் தமிழர்களுக்காக யாரோ நடத்திய ஓர் இணைய அரங்கம் அது. சொந்தப் பெயர் தரவேண்டியதில்லை. ஜம்புநாதன் அங்கே 'சத்தியவாக்கு'. தமிழ்ச் சங்கத் தலைவரைத் திருடர் என்று எழுதுவார். பொங்கல் விழாவில் பாடிய பெண்ணுக்குக் கழுதைக் குரல் என்று எழுதுவார். மறுநாள் அதே தலைவரைக் கடைத்தெருவில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார். கரப்பான்பூச்சிக்கும் விளக்கை அணைத்த பிறகுதான் வீரம் வருகிறது.

2007ஆம் வருடம் நவராத்திரி முடிந்த வாரத்தில் அந்த அரங்கில் 'பெயரிலி' என்ற பெயரில் ஒரு பெண் எழுதினாள்.

"ஆசையா கொலு வெச்சேன். வெத்தலை பாக்கு வாங்கிக்க வந்தவாளை உள்ளே விடாம அவர் கதவைப் பூட்டிட்டார். என் முகத்துல இருந்த காயத்தை யாரும் பார்க்கக்கூடாதாம். குழந்தையோட எங்கேயாவது தங்கணும். ஒரு வேலை தேடிக்கணும். யாராவது வழி சொல்லுங்கோ. பேரு மட்டும் கேக்காதீங்கோ. அவருக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டார்."

பெயரை மறைக்க முடிந்ததால்தான் அவளுக்கு வாய் திறந்தது. தெரிந்தவர்களிடம் போய்ச் சொல்லியிருந்தால் நாலு பேர் அனுசரித்துப் போகச் சொல்லியிருப்பார்கள். ஐந்தாவது ஆள் கணவனிடமே போய்ச் சொல்லியிருப்பார். இங்கேயோ ஒரு மணி நேரத்துக்குள், 'ஒரு தோழி' என்ற பெயரில், "பயப்படாதே, இடம் இருக்கு. தனியா மெயில் போடு" என்று யாரோ பதில் எழுதியிருந்தார்கள்.

படித்ததும் ஜம்புநாதனுக்கு ஆள் தெரிந்துவிட்டது. கொலுவுக்குக் கூப்பிட்டுவிட்டுக் கதவைத் திறக்காத ஒரு வீட்டிலிருந்து அவர் மனைவி மல்லிகா வெறுங்கையோடு திரும்பி வந்திருந்தாள். நாலு தெரு தள்ளியிருந்த அது, சாகண் மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கும் என்ஜினீயர் சந்துருவின் வீடு. எழுதியவள் அவன் மனைவி ரமாதான்.

தெரிந்துகொண்டவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஊரில் மற்றவர்களுக்குத் தெரியாதது தமக்குத் தெரியும் என்கிற அரிப்பு அவரை விடவில்லை. 'சத்தியவாக்கு' எழுதினார்: "இது சாகண் என்ஜினீயர் சம்சாரத்தின் நாடகம். தேஹு ரோட்டில் கொலு வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிய வீடு எது என்று மாமிகளைக் கேளுங்கள். அடி வாங்குகிறவளுக்குப் படி கட்டிப் பொம்மை அடுக்கத் தெம்பு எங்கிருந்து வந்தது?"

மறுநாள் மாலை அவர் மனைவியை உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"மல்லிகா, இங்கே வா. எத்தனை பேர் 'சபாஷ்'னு எழுதியிருக்கா பாரு."

மல்லிகா பள்ளிக்கூட டீச்சர். கையில் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத்தாளோடு வந்து படித்தாள்.

"நீங்களா எழுதினேள்?"

"பின்னே? எப்படிப் பிடிச்சேன் பார்த்தியா!"

"கடைசில என்ன எழுதியிருக்குன்னு படிச்சேளா? 'சந்துருவுக்குப் போன் பண்ணிச் சொல்லியாச்சு'ன்னு ஒரு மகானுபாவன் போட்டிருக்கான். அதுக்கும் பேர் கிடையாது. அந்தத் தோழி நான்தான். சனிக்கிழமை அவளை எங்க அக்கா ஆத்துக்கு அழைச்சுண்டு போறதா இருந்தேன். எனக்கும்தான் ஆள் தெரிஞ்சுது. நான் வாயைத் திறந்தேனா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"ஜானே தோ, விட்டுத்தள்ளு மல்லிகா, நமக்கெதுக்கு அடுத்தவா வம்பு?"

"வம்பை ஆரம்பிச்சதே நீங்கதானே?"

அவர் கொஞ்சம் தள்ளியே பின்னால் போனார். சந்துருவின் வீட்டிலிருந்து வந்த அலறல் மாடிப்படியிலேயே கேட்டது. அவர் படியிலேயே நின்றுவிட்டார். மல்லிகா கதவை இடித்த இடியில் எதிர்வீட்டு மராத்திக் குடும்பம் வெளியே வந்தது. ஆள் கூடிய பிறகுதான் கதவு திறந்தது.

"இது எங்க குடும்ப விஷயம் மாமி. நீங்க போகலாம்" என்றான் சந்துரு.

"போறேன்டா. இவளையும் குழந்தையையும் அழைச்சுண்டுதான் போறேன்."

ரமாவின் இடது கை வீங்கித் தொங்கியது. அவள் அழவில்லை. "நான் பேரே எழுதலையே மாமி. எப்படித் தெரிஞ்சுது?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். மல்லிகாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போலீஸ் சௌக்கியில் பெண் கான்ஸ்டபிள் புகாரை எழுதிக்கொண்டாள். சாட்சிக்கு மல்லிகா கையெழுத்துப் போட்டாள். எதிர்வீட்டுக்காரரும் போட்டார். மல்லிகா திரும்பிப் பார்த்தாள். வாசல் தூணை ஒட்டி ஜம்புநாதன் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கோ. அவ அலறினதைப் படியில நின்னு கேட்டேளே. வந்து கையெழுத்துப் போடுங்கோ."

"என் பேரா? சர்க்கார் உத்தியோகம்டி. நாளைக்கு அந்தப் பையன் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னான்னா?"

மல்லிகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவளும் பேரை மறைச்சுண்டுதான் எழுதினா. நானும் அப்படித்தான். அடிக்குப் பயந்து ஒருத்தி மறைஞ்சுக்கலாம். கை கொடுக்கறவா மறைஞ்சு நின்னு கொடுக்கலாம். மறைஞ்சு நின்னு கல்லெறியறவனுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. நாலு பேருக்கு முன்னாடி பேரைச் சொல்லிப் பேச முடியாத வசவை, பேர் இல்லாத இடத்துலயும் பேசப்படாது. இது உங்களுக்கு இந்த வயசுல நான் சொல்லித் தரவேண்டியிருக்கு."

கான்ஸ்டபிள் பேனாவோடு நிமிர்ந்து, "துமச்ச நாவ் காய், காகா?" என்று அவர் பெயரைக் கேட்டாள்.

பிறந்ததிலிருந்து புனேயில் வளர்ந்தவர், மராத்தி புரியாதவர்போல நின்றார்.